பதினேழு லைசென்ஸ்

ஜனவரி விடியலில் டெல்லி துவாரகா டாக்ஸி ஸ்டாண்டில் வாளித் தண்ணீரில் கையை விட்டால் விரல்கள் இருப்பதே மறந்துபோகும். பதினேழு டிரைவர்கள் குனிந்து, கிழிந்த பனியன் துணியால் கார்க் கண்ணாடிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னக் கறை இருந்தாலும் முதலாளி ரமேஷ்குமார் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு மானத்தை வாங்குவார். கண்ணாடிக் கறை அவருக்குத் தெரியும். தேய்ந்த பிரேக் தெரியாது.

பதினெட்டாவது ஆள் மாசிலாமணி, துடைக்க வண்டியில்லாமல் ஒதுங்கி நின்றான். இடது முழங்காலில் இன்னும் கட்டு இருந்தது.

மாதத் தொடக்கத்திலேயே அவன் சொல்லியிருந்தான், பிரேக் கட்டை தேய்ந்துவிட்டதென்று. "புது வருஷ சீசன்பா. வண்டி நிக்கக்கூடாது. அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார் ரமேஷ்குமார். மூன்றாம் நாள் விமான நிலையத்துச் சாலையில் மாசிலாமணி பிரேக்கை மிதித்தான். இரும்போடு இரும்பு அரைபட்டது. அவர் சொன்னபடியே வண்டி நிற்கவில்லை. தடுப்புச் சுவரில் மோதியதில், பின் சீட்டில் இருந்த பெரியவருக்குக் கை முறிந்தது.

பிரேக்தான் காரணம் என்றால் பதினெட்டு வண்டிகளும் சோதனைக்குப் போகும். டிரைவரின் கண் காரணம் என்றால் ஒரு லைசென்ஸோடு முடிந்தது. ரமேஷ்குமார் கண்ணைப் பிடித்துக்கொண்டார். மாசிலாமணிக்குத் தூரப் பார்வை மங்கல், டாக்ஸி ஓட்டத் தகுதியில்லை என்று அவருக்கு வேண்டிய டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று பதினோரு மணிக்கு லைசென்ஸ் ஆபீசில் விசாரணை.

ஏழு மணிக்கு ரமேஷ்குமார் வந்தார். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் அவர் வாயில் பாதிதான் நிற்கும்.

"மாசிலாமணி, நம்ம ஊர் ஆளுன்னுதான் சொல்றேன். கண்ணு வீக்னு ஜல்தி ஒத்துக்கோ. பார்க்கிங்ல டோக்கன் குடுக்கற வேலை தரேன். உக்காந்த எடத்துல வேலை. அச்சா?"

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல சார். இவ்ளோ நாழி உங்களத்தான் பாத்துக்கினு இருக்கேன். நல்லாத் தெரியுது."

அவர் போனதும் டிரைவர்களில் ஒருவனான குணா ஒரு துணிப்பொட்டலத்தைப் பிரித்தான். அடிபட்ட வண்டியிலிருந்து மெக்கானிக் வருவதற்குள் அவன் கழற்றி வைத்த பிரேக் கட்டை. சீட்டுக்கட்டுச் சீட்டின் கனத்துக்குத் தேய்ந்திருந்தது.

"இதக் காட்டலாம்ணே."

"வேற வண்டியோடதுன்னுடுவாரு" என்றான் லட்சுமணன். அவன்தான் ஸ்டாண்டில் மூத்தவன்.

"அந்த டாக்டர் என் கண்ண எப்பய்யா பாத்தாரு?" என்றான் மாசிலாமணி.

அவர் யார் கண்ணையும் பார்த்ததில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கும்போதெல்லாம் முதலாளி விண்ணப்பப் பாரங்களை மொத்தமாக வாங்கிப் போவார். மருந்துக்கடைப் பின்னறையில் டாக்டர் வரிசையாக முத்திரை குத்துவார். இவர்கள் வெளியே டீ குடித்தபடி, அரை நாள் மிச்சமென்று சந்தோஷப்பட்டார்கள். அன்று மிச்சம் பிடித்த அரை நாள்தான் இன்று மாசிலாமணியின் கழுத்தில் சுருக்காக விழுந்திருந்தது.

"அதச் சொன்னா நம்ம லைசென்ஸும் போயிரும்" என்றான் லட்சுமணன். "எனக்கு நெஜமாவே தூரத்து எழுத்து தெரியாதுப்பா."

"அப்ப நான் மட்டும் குருடனாப் போறேன். நீங்க கண்ணாடி தொடைங்க."

இத்தனை நாளும் மாசிலாமணியின் தூக்கத்தில் ஒரே காட்சிதான் வந்தது. ரமேஷ்குமாரை அதே வண்டியில் உட்கார வைத்து மேம்பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். கீழே சத்தம் கேட்கும்வரை நின்று கேட்கிறான். நொண்டிக்கொண்டே பஸ் ஏறியபோதும் அதையேதான் நினைத்துக்கொண்டு போனான்.

லைசென்ஸ் ஆபீசில் மூக்குக் கண்ணாடி போட்ட அதிகாரி அம்மாள் டாக்டரின் கடிதத்தைப் படித்து முடித்தார். எதிரே ரமேஷ்குமார் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்ல மனுஷன்தான் மேடம்" என்றார் இந்தியில். "ஆனால் பயணிகளின் உயிர் பெரிதில்லையா?"

"டாக்டர் உன்னை எப்போது சோதித்தார்?" அதிகாரி கேட்டார்.

"சோதிக்கவே இல்லை மேடம். இப்போதும் இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கண் நன்றாக இருக்கிறது என்று அவரே எழுதித் தந்தபோதும் இல்லை."

ரமேஷ்குமார் சிரித்தார். "சாட்சி?"

கதவு திறந்தது. முதலில் வந்தவன் லட்சுமணன். கண்ணாடி துடைத்த துணியைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தான். லைசென்ஸை மேசைமேல் வைத்தான்.

"எனக்கும் அதே டாக்டர், அதே முத்திரை மேடம். அந்தச் சுவர்ப் பலகையில் என்ன எழுதியிருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. கண் நன்றாக இருக்கிறது என்று அவர் எழுதியிருக்கிறார்."

பின்னாலேயே ஒவ்வொருவராக வந்தார்கள். மேசைமேல் பதினேழு லைசென்ஸ்கள் குவிந்தன. கடைசியில் குணா அந்த பிரேக் கட்டையை டாக்டர் கடிதத்தின்மேல் டக்கென்று வைத்தான்.

ரமேஷ்குமாரின் முகம் கறுத்தது. தமிழுக்கு மாறினார். "பாகலா? பைத்தியம் ஆயிட்டீங்களாடா? எல்லா வண்டியும் நின்னு போகும். நீங்களும் பட்டினிதான்."

"நிக்கட்டும் சார்" என்றான் குணா. "பிரேக் இல்லாத வண்டி இன்னிக்காவது நிக்கட்டும்."

அதிகாரி அம்மாள் கட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பதினெட்டுப் பேருக்கும் அரசு மருத்துவமனையில் கண் சோதனை, பதினெட்டு வண்டிக்கும் சோதனை என்று எழுதினார். முடிவு வரும்வரை யாரும் ஓட்டக்கூடாது.

வெளியே வாசலில் ரமேஷ்குமாரின் போன் விடாமல் அடித்தது. விமானம் பிடிக்க வேண்டியவர்கள். அவர் எடுக்கவில்லை, அது மறுபடி அடித்தது. மாசிலாமணி படிக்கட்டில் நின்று கடைசி மணிவரை கேட்டான். மேம்பாலத்துச் சத்தத்தைவிட இது இனித்தது.

"என் கண்ணு தேறாட்டி என்னப்பா பண்றது?" என்றான் லட்சுமணன்.

"கண்ணாடி போட்டுக்கினு மறுபடி டெஸ்டுக்குப் போ. நீ தேறி வர்ற வரைக்கும் நாங்க ஒருத்தரும் சாவியத் தொட மாட்டோம்" என்றான் மாசிலாமணி.

மற்றவர்கள் மறுக்கவில்லை. பனிமூட்டம் இன்னும் விலகாத சாலைக் கோடியில் ஒரு பஸ் மங்கலாகத் தெரிந்தது. லட்சுமணன் கண்ணைச் சுருக்கினான்.

"நம்ம பஸ்ஸா?"

மாசிலாமணி நெற்றிப் பலகையின் எண்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னான். "நம்மதுதான். ஏறுங்க."

பதினெட்டுப் பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள்.