காருக்குப் பேசியவன்

மேற்குத் தாம்பரத்தில் அன்று ஞாயிற்றுக்கிழமை. ஹஃபீசா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவள் கணவன் ஹனீஃபா டிவி பார்த்துக்கொண்டிருந்தான். தமிழில் பேசவைத்துப் போடும் அமெரிக்கத் தொடர். குற்றவாளிகளைத் துரத்தும் ஒருவன், அவனோடு பேசிக்கொண்டே ஓடும் கறுப்புக் கார்.

"நீங்க குதிச்சிடுங்க, வண்டிய நான் பார்த்துக்கறேன்" என்றது கார்.

ஹஃபீசாவின் கை அப்படியே நின்றுவிட்டது. அது அவள் அண்ணன் அமீருதீனின் குரல்.

நாடகத்தில் நடிக்கத்தான் போவேன் என்று அடம்பிடித்தவனை, இனி என் முகத்தில் விழிக்காதே என்று அத்தா துரத்திப் பல வருடம் ஆகிறது. பம்பாய் போனதாகக் கேள்வி. அங்கே கலவரம் நடந்த பிறகு ஒரு தகவலும் இல்லை. இறந்துவிட்டான் என்றே நினைத்து அவனுக்காக ஃபாத்திஹா ஓதியிருந்தார்கள்.

ஒரே மாதிரிக் குரல் எத்தனையோ பேருக்கு இருக்கும் என்று ஹனீஃபா சொல்லிப் பார்த்தான். அவள் ஈரக் கையோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். 'வண்டி' என்னும்போது கார் லேசாக மூக்கால் பேசியது. அண்ணனும் அப்படித்தான்.

மறுநாள் இருவரும் மின்சார ரயிலில் கோடம்பாக்கம் போனார்கள். விசாரித்து விசாரித்து மதியத்துக்கு மேல்தான் அந்த ஒலிப்பதிவுக் கூடம் அகப்பட்டது. அமீருதீன் என்று யாரும் இல்லை என்றார் வாசலில் இருந்தவர். காருக்குப் பேசுபவர் என்றதும் உள்ளே போய் வேறு ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

முன்வழுக்கை விழுந்த ஒருவன் வந்தான். ஹஃபீசாவைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

பம்பாயில் அவன் ஒரு வருடம்கூட இருக்கவில்லையாம். அதன் பிறகு குரோம்பேட்டையில்தான் குடியிருக்கிறானாம். தாம்பரத்திலிருந்து இரண்டே ஸ்டேஷன்.

"அத்தா கோவம் ஆறட்டும்னு இருந்தேன்மா. இன்னும் கோவமாத்தான் கீறாரா?"

அத்தா இறந்ததை ஹனீஃபாதான் சொல்ல வேண்டியிருந்தது.

"உன்னத் தேடினு பம்பாய் போனாரு" என்றாள் ஹஃபீசா. "திரும்பி வந்து படுத்தவரு, எழுந்திரிக்கவே இல்ல."

அமீருதீன் படியில் உட்கார்ந்துவிட்டான். அடுத்த காட்சிக்கு உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்கால ரயிலில் மூவரும் வந்தார்கள். தாம்பரத்தில் இறங்கியதும் அவன் வீட்டுக்கு வழி கேட்கவில்லை, அத்தாவை அடக்கம் செய்த கபரஸ்தானுக்குக் கேட்டான். ஹனீஃபா கூட்டிக்கொண்டு உள்ளே போனான். பெண்கள் உள்ளே போகும் வழக்கம் இல்லை; ஹஃபீசா வெளியே, கேட் அருகில் நின்றாள். விளக்குப் போடும் நேரமாகியும் அண்ணன் வரவில்லை.