சிங்காரம் குடித்தானா

1
இந்தக் கதை ஒரு பஸ்ஸில் கிடைத்தது. 1984இல் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு வரும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் ஒருவர், கணவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்த பசியாவரம் என்ற மீனவ ஊர்ப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். இறங்கும் இடம் வந்ததும் பாதியில் நிறுத்திவிட்டார். மீதி என் கற்பனை. டாக்டரும் கற்பனைதான் என்று நீங்கள் சந்தேகித்தால் எனக்கு வருத்தமில்லை.

2
முதல் வரி: ‘சிங்காரத்தின் மூளை ஓட்டை விழுந்த வலையைப் போல…’

(அடித்துவிட்டேன். வலைக்கு ஓட்டைதானே பிழைப்பு.)

நேராகவே சொல்கிறேன். அந்தக் கணவனுக்கு நான் வைத்த பெயர் சிங்காரம்; மீன் பிடிப்பவன். மூளையில் ஒரு புரதம் தப்பாக மடங்கிக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பதையும் தன்னைப் போலவே மடக்குகிறது. நரம்பணுக்கள் சாகின்றன. மருந்து கிடையாது, பெரும்பாலும் சில மாதங்கள்தான்.*

* இந்தப் புரதத்துக்கு ‘பிரியான்’ என்ற பெயரே 1982இல்தான் வந்தது. என் கதை நடப்பது 1979இல். ஆகவே கதைக்குள் யாருக்கும் அந்தச் சொல் தெரியாது. டாக்டர் சிங்காரத்தின் மனைவி தேவகியிடம், “மூளை நரம்பு கெட்டுப்போச்சும்மா, பொங்கல் வரைக்கும் இருந்தாலே பெரிசு” என்று மட்டும் சொல்கிறார்.

3
பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். சிங்காரம் தன் நாள் என்று நினைத்து மாசிலாமணி என்ற ஊர்க்காரனின் பாடு இருந்த நாளில் வலை போட்டுவிட்டான்.

குடித்துவிட்டுச் செய்திருந்தால் ஊர் திட்டி அனுப்பிவிடும். புத்தி கெட்டவனுக்கோ பாடே கிடையாது. (இந்த விதிகள் நான் வைத்தவை. கதைக்கு வேண்டியிருந்தது.) மகன் வடிவேலுவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அது முடிந்தால் பாடு அவன் கைக்கு மாறும். அதுவரை தேவகி அதைக் காப்பாற்றியாக வேண்டும்.

4
ஊர் கூடியது.

“அவரு குடிச்சிருந்தாரு. இன்னா செய்றோம்னே தெரியாம வலைய வுட்டுட்டாரு” என்றாள் தேவகி.

“சிங்காரமா? அவன் மோந்துகூடப் பாக்க மாட்டானே” என்றான் மாசிலாமணி.

உண்மைதான். சிங்காரத்தின் நைனா குடித்தே செத்தவர். அன்றிலிருந்து அவன் அதைத் தொட்டதில்லை. (நைனாவின் சாவை ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். எனக்கே அழுகை வந்துவிட்டது, அதனால்.)

ஊர்த் தலைவர் சிங்காரத்தையே கேட்டார்: “குடிச்சியாடா?”

5
முடிவு ஒன்று: ஆமென்று தலையாட்டுகிறான். பாடு தப்புகிறது. ஆனால் இந்த வியாதி இவ்வளவு சொன்னபடி கேட்காது.

முடிவு இரண்டு: “குடிக்கல” என்கிறான். பாடு போகிறது. உபதேசக் கதையாகி…

எழுதும்போது நடந்தது வேறு. சிங்காரம் மனைவியின் பக்கம் திரும்பினான்.

“எனக்குத் தெர்ல. நான் குடிச்சனா, தேவகி?”

ஊருக்குப் பொய் சொல்லத் தயாராகத்தான் அவள் வந்திருந்தாள். அவனிடம் சொல்லத் தயாராகவில்லை. ‘ஆமா’ என்றால் அவன் நம்பிவிடுவான். ‘நைனாவைப் போலவே நானும் ஆகிவிட்டேன்’ என்று நினைத்துக்கொண்டே சாவான். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. அந்தச் சொல்லை அவள் வாயில் வைக்க என்னால் ஆகாது.

வைப்பதானால் நீங்கள் வையுங்கள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வையுங்கள்.