சீட்டுக்கு அடியில் கொள்கிற அளவு

கதிரேசன் ஸ்பேனர் வாங்கப் போவதும் ஒன்று, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போவதும் ஒன்று. கையில் எடுப்பான், எடை பார்ப்பான், வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுவான், கடைசியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுவான். ஜாலான் புசாரில் அந்த ஹார்ட்வேர் கடையை நடத்தும் சீன ஆன்ட்டிக்கு அவனைப் பல வருடமாகத் தெரியும். நாங்கள் உள்ளே நுழைந்ததுமே மேசை விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு போனில் நாடகம் பார்க்க உட்கார்ந்துவிட்டாள்.

நானும் கதிரேசனும் இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு தரம் உட்லண்ட்ஸ் எல்லைப் பாலம் தாண்டி ஈப்போ வரைக்கும் பைக்கில் போய் வருகிறவர்கள். இரண்டு வண்டி, ஒரு குடித்தனம். டூல்ஸ் எல்லாம் அவன் வண்டியில். சாப்பாடு, மருந்து, மழைக்கோட்டு என் வண்டியில். என் வண்டி நின்றால் அவன்தான் இறங்கிக் கழற்றுவான், நான் பக்கத்தில் நின்று குடை பிடிப்பேன். அதனால் இத்தனை வயதாகியும் எனக்கு ஒரு நட்டைக்கூட உருப்படியாகத் திருகத் தெரியாது. அதற்காக நான் வெட்கப்பட்டதும் இல்லை. அவன் இருக்கும்போது எனக்கு எதற்கு?

இந்த வருஷ ஆரம்பத்தில் அவனுக்குக் கண்ணில் அழுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். நேராகப் பார்த்தால் எல்லாம் தெரியும். ஓரப்பார்வைதான் போய்விட்டது, வலது பக்கம் ரொம்பவே மோசம், போனது போனதுதான், இனி பைக்கைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். கதிரேசன் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு வண்டியை யீஷூனில் யாருக்கோ விற்றுவிட்டேன் என்றான். அவன் மனைவி சரசு அன்றைக்குப் பாயசமே வைத்தாள். பாயசத்தைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் பயம் நியாயம்தான், ஆனாலும் எழவு வீட்டில் யாராவது பாயசம் வைப்பார்களா?

இந்த வருஷம் நான் தனியாகப் போவதாக ஏற்பாடு. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது. நெடுஞ்சாலையில் எங்காவது வண்டி நின்றுவிட்டால் குடையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அதைக் கேட்டுத்தான் அவனே சொன்னான்: "கடைக்கு வந்து டூல்ஸ நான் எடுத்துத் தர்றேன்டா. வண்டி சீட்டுக்கு அடியில கொள்ளணும், அதுக்கு மேல ஒரு ஆணிகூட வாங்கக் கூடாது."

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் ஒரு சாமானைக் கையில் எடுத்தால் மற்றவன் "எதுக்கு?" என்று கேட்கவேண்டும். வண்டியில் அது போய் உட்காரும் இடத்தைச் சொல்லவேண்டும். சும்மா ஒரு அவசரத்துக்கு, இருக்கட்டுமே, பிறகு உதவும் என்கிற பேச்செல்லாம் செல்லாது. இடம் சொல்லத் தெரியாவிட்டால் சாமான் அலமாரிக்குத் திரும்பிவிடும். இப்படித்தான் வருஷக்கணக்காக எங்கள் பை சின்னதாகவே இருந்தது.

அவன் ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தான்.

"எதுக்கு?" என்றேன்.

"பேட்டரி வயரு. உன் வண்டிக் கண்ணாடி. உன் சைடு கவரு. இது ஒன்னு இருந்தா உன் வண்டியில பாதியைக் கழட்டிடலாம்லா."

ஆறுமூலை ஆணி திருகுகிற அலன் கீ கட்டு ஒன்று எடுத்தான். அதில் இரண்டை மட்டும் உருவி ஆன்ட்டியிடம் காட்டி, இது மட்டும் தனியாகக் கொடு என்றான். அவள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் முடியாது என்று தலையாட்டினாள். அவன் பேரம் பேசத் திரும்பியபோது வலது முழங்கை இடித்து, மேசை ஓரத்தில் இருந்த ஆணி டப்பா தரையில் கொட்டியது.

"எந்தப் புண்ணியவான் இதை இங்க வெச்சது?" என்று சத்தம் போட்டான்.

டப்பா நாங்கள் வந்ததிலிருந்து அங்கேதான் இருந்தது. நான் குனிந்து ஆணி பொறுக்கினேன். ஆன்ட்டியும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, திட்ட வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது அவன் கை உள் அலமாரியில் இருந்தது. ஒரு சாண் நீளத்தில், நுனி வளைந்த இரும்புப் பட்டைகள் இரண்டை எடுத்துப் பையில் போட்டான். டயர் லீவர். சக்கரத்திலிருந்து டயரை நெம்பிக் கழற்றி உள்ளே இருக்கும் டியூபை எடுப்பதற்கான சாமான்.

"எதுக்கு?" என்றேன்.

அவன் பையின் வாயைச் சுருட்டினான்.

"டேய், எதுக்கு?"

"பஞ்சருக்குத்தான். வேற எதுக்கு?"

"என் வண்டிக்கு டியூப்பே கெடையாது. டியூப்லெஸ்ஸு. ஓட்டையில ரப்பரைச் செருகுனா ஆச்சுன்னு நீதான சொல்லிக் கொடுத்த."

அவன் அந்தப் பட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். எங்கள் இரண்டு பேரில் டியூப் வைத்த வண்டி அவனுடையது. ஒரு நட்டைத் திருகத் தெரியாத எனக்கே அது விளங்கிவிட்டது.

"வண்டிய விக்கலையா?"

"பக்கத்து ப்ளாக் கார்பார்க்ல நிக்குது. மூனாவது மாடி."

"சரசுவுக்கு?"

"தெரியாது. நீ சொல்லாத."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆன்ட்டி இருக்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். கண்ணும் இல்லை, புத்தியும் இல்லையா என்றேன். சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"நேரா பாத்தா எல்லாம் தெரியுதுடா. ஊசியில நூலு கோக்கறேன். நீ முன்னாடி போ. நான் உன் பின்னாடி லைட்டையே பாத்துக்கிட்டு வந்துடறேன். மத்ததெல்லாம் எனக்கு எதுக்கு? இந்த ஒரு தடவை. அப்புறம் சாவியை உன்கிட்டயே கொடுத்துடறேன்."

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு. "மெதுவாப் போகணும். இருட்டறதுக்கு முன்னாடி ரூமுக்குப் போயிடணும்" என்றேன். இப்போது நினைத்தாலும் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அவனுக்காகப் பரிதாபப்பட்டு ஒத்துக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய். தனியாகப் போகவேண்டாம் என்பதில் எனக்குச் சந்தோஷம், அவ்வளவுதான். அந்தச் சந்தோஷத்தில் டாக்டர், சரசு, தரையில் கொட்டிய ஆணி எல்லாம் பறந்துவிட்டது.

பிறகு இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன்கள் மாதிரி ஆகிவிட்டோம். அவன் ஒரு துணியை விரித்து எல்லாவற்றையும் பரப்பி, சுருட்டி, நாடாவால் கட்டினான். இரண்டு வண்டிக்கும் சேர்த்து ஒரே சுருள், தடிமனான முறுக்குப் பொட்டலம் அளவுதான் இருந்தது. ஆன்ட்டிகூட எழுந்து வந்து பார்த்து, நல்லா இருக்கு என்று கட்டை விரலைத் தூக்கினாள்.

கடையை விட்டு இறங்கினோம். மழை வருவதற்குத் தயாராக வானம் அழுக்காக இருந்தது. கடைக்கு அடுத்தாற்போல் ஒரு சந்து, தாண்டினால் மறுபடி நடைபாதை. கதிரேசன் ஈப்போவில் டீ எங்கே நன்றாக இருக்கும் என்று பேசிக்கொண்டே நேராகச் சந்தில் காலை வைத்தான். சாப்பாட்டுப் பை மாட்டிய எலக்ட்ரிக் சைக்கிள் ஒன்று வலது பக்கமிருந்து சத்தமே இல்லாமல் வந்தது. நான் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். பித்தான் இரண்டு தெறித்தது. சைக்கிள் அவன் வயிற்றுக்கு முன்னால் உரசுகிற மாதிரி போய், முனையில் திரும்பி மறைந்துவிட்டது.

"என்னடா நீ, சட்டையைக் கிழிக்கற!"

"வண்டிடா!"

"எந்த வண்டி?"

இடமும் வலமும் தலையைத் திருப்பிப் பார்த்தான். சந்து காலியாக இருந்தது. விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. டாக்டர் சொன்னதை அதுவரை நான் கண்ணுக்கு முன்னால் ஏதோ கறுப்பாக மறைக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அவனுக்கு மறைக்கவே இல்லை. அங்கே ஒன்றுமே வரவில்லை என்று அவன் கண் அவனுக்குச் சொல்கிறது, அவனும் நம்புகிறான்.

"நான் வரல" என்றேன். "நீயும் போகப் போறதில்ல. இன்னைக்கே சரசுகிட்ட சொல்லிடுவேன்."

"ஒரு வண்டியும் வரலடா."

"வந்துச்சு."

"வரல! உனக்குப் பயம். பயந்தாங்கொள்ளின்னு சொல்லிக்க வெக்கம். அதுக்கு என் கண்ணு மேல பழி போடற." அவன் குரல் உடைந்தது. "எல்லாரும் சொல்லட்டும். நீயும் சொல்லுவியா?"

சுருளை என் கையில் திணித்துவிட்டு நடந்தான். நல்லவேளையாகச் சந்தில் அப்போது ஒன்றும் வரவில்லை.

விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வருமா? ஓடிப்போய் அவன் வலது பக்கம் சேர்ந்துகொண்டேன், நடைபாதையின் ரோட்டு ஓரமாக. சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவன் திரும்பவே இல்லை. கோபம் என்று நினைத்துப் பேசாமல் கூடவே நடந்தேன். கிட்சனர் ரோட்டில் பஸ் இரைச்சல். தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு போனான். பித்தான் போன சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் முகத்தைத் துடைத்தான். கதிரேசன் அழுதுகொண்டிருந்தான். அவன் அம்மா செத்த அன்றைக்குக்கூட என் முன்னால் அழாதவன். எதிரே வந்தவர்கள் அவனைப் பார்த்து, என்னைப் பார்த்து, விலகிப் போனார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் பக்கத்தில் இருப்பது அவனுக்குத் தெரியாது.

சொல்லியிருக்கலாம். சொல்லாமலே கூட நடந்தேன்.

சிராங்கூன் ரோட்டு சிக்னலில் நின்றான். கண்ணை நன்றாகத் துடைத்துக்கொண்டு, மூக்கைச் சிந்திவிட்டு, போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்து ஏதோ அழுத்தினான். என் சட்டைப் பையில் போன் அடித்தது.

அவனுக்கு ஒரு முழம் தள்ளி.

சத்தம் வந்த பக்கம் மெதுவாகத் தலையைத் திருப்பினான். பாதி திருப்பியும் நான் அகப்படவில்லை. முழுக்கத் திருப்பியதும் என் முகம் அவனுக்கு நேராக இருந்தது. என் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"டீ குடிக்காமப் போறமேன்னு கூப்டேன்" என்றான். பிறகு, "எப்படா வந்த?"

"கடையிலேருந்து உன்கூடத்தான் வர்றேன்."

"கூடன்னா?"

"இங்கதான். இதே பக்கத்துல."

அவன் என்னைப் பார்த்தான். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான். அந்த நடைபாதை முழுவதையும் மனசுக்குள் மறுபடி நடந்து பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அதில் எங்கேயும் நான் இல்லை. என்னோடு எத்தனை வேண்டுமானாலும் வாதாடுவான், டாக்டரோடு வாதாடுவான். இதில் வாதாட யாரும் இல்லை. முகத்தில் ரத்தமே இல்லாமல் போய்விட்டது. போனை அணைக்கக் கூட மறந்து நின்றான்.

பச்சை விளக்கு விழுந்தது. நின்றவர்கள் எல்லாம் இரண்டு பக்கமும் எங்களைத் தாண்டிப் போனார்கள். அவன் அசையவில்லை. கையை நீட்டித் துழாவி என் முழங்கையைப் பிடித்தான். பிடி வலித்தது.

"எதுவும் வரலியே?" என்று கேட்டான்.

"வரல" என்றேன்.