கட்டாத பை

என் மாமனார் பிறந்தது படகில், குடித்தனம் நடத்தியது படகில், என் மனைவியைப் பெற்றதும் அதே படகில். அடிப்பலகை உளுத்து அது ஒருபக்கமாகச் சாய்ந்தபோது, ஒரே ஒரு பையோடு எங்கள் ஆறாவது மாடிக்கு வந்து சேர்ந்தார். வீடு நன்றாக இருக்கிறது, ஆடாமல் இருப்பதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது என்றார்.

காற்று பலமாக வீசினால் போதும், வீட்டிலிருப்பதையெல்லாம் கயிறு போட்டுக் கட்டிவிடுவார். கெட்டில் குழாயோடு, நாற்காலி மேஜையோடு, மேஜை ஜன்னல் கம்பியோடு. கயிறு தடுக்கி நான் குப்புற விழுந்திருக்கிறேன். மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளலாமென்றால், எனக்கு மீசையும் இல்லை, ஆறாவது மாடியில் மண்ணும் இல்லை.

அவருடைய பை மட்டும் கட்டாமல் கதவோரம் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனைவியின் முகம் வாடியது. ஏன் என்று கேட்டேன்.

"படகுல விருந்தாளி பையைத்தான் கட்டாம வைப்போம். கிளம்பிப் போற பை அது."

மாமா தன் தம்பியின் படகுக்குப் போகிற யோசனையில் இருந்தார். அங்கே ஏற்கெனவே நிற்க இடமில்லை. இவர் மேல்தட்டில்தான் படுக்க வேண்டும். போன மழையில் பிடித்த இருமலே இன்னும் விடவில்லை. இங்கேயே இருங்கள் என்று மகள் கெஞ்சினால், பார்க்கலாம் என்பார்.

நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். வடம் தெரியும், முடிச்சு தெரியாது. ஒரு மதியம் அவர் கண்ணயர்ந்த நேரத்தில் பையை அவர் கட்டில் காலோடு கட்டினேன். தெரிந்தது ஷூ லேஸ் முடிச்சு ஒன்றுதான். பை பிறந்தநாள் பரிசு மாதிரி இருந்தது.

எழுந்தவர் அதையே பார்த்தார்.

"யாரு கட்டினது?"

"நான்தான் மாமா."

"லிஃப்டையும் இப்படித்தான் கட்டித் தொங்க விடுறீங்களா மாப்பிள்ளை?"

ஒரே இழுப்பு. முடிச்சு அவிழ்ந்தது. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். சமையலறை வாசலில் மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதை என்று நான் தரையைப் பார்த்தேன்.

அவர் கயிற்றை ஒருமுறை உதறினார். பையைக் கீழே வைத்து, குனிந்து, அதே கட்டில் காலில் கட்டினார். எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

"இனிமே உங்க லிஃப்ட்ல நான் ஏறமாட்டேன். படிக்கட்டுதான்," என்றார்.

சொன்னபடியே, சாயங்காலம் உப்பு வாங்கப் போனவர் மாடிக்கு மாடி நின்று இருமிக்கொண்டே நடந்து ஏறி வந்தார்.