ஒன்றுமில்லாத தண்ணீர்

ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகியும் தெரு அவரை சர்வேயர் என்றுதான் அழைத்தது. அவருடைய தகப்பனார் தெருவிலேயே மிக ஆழமான போர்க்கிணறு போட்டு, வீட்டுச் சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு குழாய் வைத்துவிட்டுப் போனவர். யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். அந்தக் குழாயால்தான் குடும்பம் தலைநிமிர்ந்து நடந்தது.

அவருடைய மகள் ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானி. சுற்றுவட்டாரத்துக் கிணறுகளிலும் போர்களிலும் ஆர்செனிக், காரீயம் போன்ற நஞ்சுகள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தாள். சொந்த வீட்டுத் தண்ணீரை மட்டும் அளக்கவில்லை. நாளைக்கு யாரும் தன்னை வாயில் போட்டு மெல்லக்கூடாது, அதை வேறு ஆள் அளக்கட்டும் என்று விட்டிருந்தாள். சர்வேயருக்கு அந்தக் கறார் பிடித்திருந்தது.

அன்று மாலை சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதங்களைப் பரப்பிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாமே நெகட்டிவ்ல வருதுப்பா."

"நல்லதுதானே? உங்க அத்தைக்கு ரிப்போர்ட் நெகட்டிவ்னு வந்தப்போ நாம எல்லாரும் சந்தோஷப்பட்டோமே."

"அது வேறப்பா. இது ஒண்ணுமே இல்லாததைவிடக் கம்மின்னு அர்த்தம். காலி டம்ளரைவிடக் காலியா இன்னொரு டம்ளர் இருக்குமா?"

சர்வேயர் யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. "மெஷினுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கும்."

"மெஷின் பார்க்கறவர் எனக்குத்தான் பிடிச்சிருக்குன்னு சொல்றாரு." சிரிக்க முயன்று விட்டுவிட்டாள். "எதையும் அளக்கறதுக்கு முன்னாடி, எதுவுமே கலக்காத தண்ணியை மெஷினுக்குக் கொடுத்து, இதுதான் பூஜ்யம்னு சொல்லணும். லேப்ல சுத்தம் பண்ற கருவி ரிப்பேர். அதனாலதான் போன வாரம் கடையில சுத்திகரிச்ச தண்ணி ஒரு வெள்ளை கேன் வாங்கி வீட்டுல வச்சிருந்து லேபுக்கு எடுத்துட்டுப் போனேனே, அந்தத் தண்ணி. அதுல ஒரு குறையும் இருக்காது."

"எப்படி இருக்கும்?" சர்வேயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுல இருக்கறது நம்ம தண்ணி."

"நம்ம தண்ணின்னா?"

"தெருவுக்கே தண்ணி கொடுக்கற வீட்டுக்குள்ள கடைத் தண்ணி கேன் நின்னா பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? அதைச் செடிக்கு ஊத்திட்டு, நம்ம போர் தண்ணியைப் பிடிச்சு வச்சேன். உனக்குக் குடிக்கத்தான்னு நினைச்சேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தாலாவது அவருக்குப் புரிந்திருக்கும்.

பிறகு மெதுவாக அவருடைய சொந்தத் தொழிலே அவருக்குக் கைகொடுத்தது. நிலம் அளக்கும்போது ஆரம்பக் குறியை மேட்டில் வைத்துவிட்டு அதையே தரை என்று எழுதினால், நல்ல தரையெல்லாம் பள்ளமாகத்தான் தெரியும்.

"அப்போ நாமதான் மேடா?"

"அளந்துதான் சொல்லணும்ப்பா." அவள் எழுந்து ஒரு புதுப் புட்டியில் வாசல் குழாய்த் தண்ணீரைப் பிடித்தாள்.

அவள் புட்டியோடு உள்ளே போனபின் சர்வேயர் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். தூசி தும்பு இல்லை. வாய்வரை கொண்டுபோனார், இறக்கினார், மறுபடி கொண்டுபோய் ஒரு வாய் குடித்தார். என்றும் போல் இனித்தது. இனிப்பதை நம்புவதா, மகளை நம்புவதா?

மறுநாள் அவள் வேறு கேன் வாங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்துவிட்டு வந்தாள்.

"மேடுதான்ப்பா. நம்ம தண்ணியை வேற ஆளும் அளந்து பார்த்தாச்சு. தெருவிலேயே நம்மளுதுலதான் ஆர்செனிக் அதிகம். ஆழத்துல இருக்கற பாறையிலேருந்து வருது."

"கொதிக்க வச்சா?"

"போகாது."

"இத்தனை வருஷத்துல யாருக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா."

"ஆகலைன்னு யாருப்பா பார்த்தாங்க?" குரலைத் தணித்துக்கொண்டாள். "நாளைக்கு அரசாங்கத்துலேருந்து ஆள் வந்து குழாய்கிட்ட குடிக்கக்கூடாதுன்னு போர்டு வைப்பாங்க."

"நம்ம வாசல்ல வேற ஒருத்தன் வந்து எழுதறதா?" சர்வேயர் சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

எதிர்வீட்டுத் தையல்காரர் குடத்தை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பாதி நிறைந்திருந்தது. சர்வேயர் குழாயை மூடினார்.

"இதைக் குடிக்காதீங்க. இதுல விஷம் இருக்கு."

"என்னங்க ஐயா, வீட்டுல ஏதாவது சண்டையா?"

"என் பொண்ணு அளந்து சொன்னா."

"இந்த மாதிரி தண்ணி எங்க தேடினாலும் கிடைக்காதுன்னு முந்தாநாள்கூடச் சொன்னீங்களே?"

"அதைச் சொன்னதும் நான்தான். இதைச் சொல்றதும் நான்தான். வேற யாரோ வந்து சொல்லி நீங்க கேட்கக்கூடாது."

"அப்போ நான் எதை நம்பறது?"

சர்வேயர் குனிந்து குழாயின் பிடியைக் கழற்றப் பார்த்தார். அப்பா முறுக்கிய திருகு லேசில் அசையவில்லை. ஒருவழியாகக் கழன்று கையில் வந்தபோது அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தையல்காரர் அரைக்குடத்தைத் தூக்கினார், கீழே வைத்தார், மறுபடி தூக்கினார். "இதை என்ன பண்றது ஐயா? செடிக்கு ஊத்தலாமா?"

நல்ல தண்ணீரைச் செடிக்கு ஊற்றிய சர்வேயர் குடத்தையும் செடித் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அம்மாடி, கொஞ்சம் வெளிய வாயேன். இந்தத் தண்ணியை எங்க ஊத்தறது?"