மயிலாத்தாளின் பிடிமண்

காளிச்சாமி மஞ்சள் துணியை ஏந்திப் பிடித்துக்கொண்டு நின்றார். மாநகராட்சி இடுகாட்டைப் பார்த்துக்கொள்ளும் தம்பிதுரை, இடுப்பளவு தோண்டிவிட்டுக் கடப்பாரையை ஊன்றி நிமிர்ந்தார். மண் இன்னும் கறுப்பாகத்தான் வந்துகொண்டிருந்தது. நடுநடுவே வெளுத்த நத்தை ஓடுகள்.

"இதெல்லாங் கொளத்து வண்டலுங்க. போன வருசம் லாரி லாரியாக் கொண்டாந்து மேடேத்திப்போட்டாங்க. இன்னுங் கீழ போனா ஆராச்சும் வருவாங்க. அது உங்கம்மாவான்னு கேட்டா நா என்னத்தைச் சொல்லுவேனுங்க?"

அறுபது வருஷத்துக்கும் முந்தி, அம்மை கண்டு கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போன மயிலாத்தாள் வீடு திரும்பவில்லை. அம்மையில் போன உடம்பைத் தரமாட்டோம் என்று, செத்தவர்களையெல்லாம் சேர்த்து இங்கே ஒரே குழியில் மூடிவிட்டார்கள். தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் ஊரிலிருந்து ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை. காளிச்சாமிக்கு அப்போது மூன்று வயது. அவரைப் பெற்ற ஐயன் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. சாகப்போகும்போது மட்டும், அன்னூர்த் தோட்டத்தில் தன்னைப் புதைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடம் விடச் சொன்னார். விட்ட இடத்தில் கோரைதான் மண்டிக் கிடக்கிறது. குலசாமியை வேறு ஊருக்குக் கொண்டுபோகக் கோயிலில் ஒரு பிடி மண் எடுக்கிற மாதிரி அம்மாவுக்கும் பிடிமண் எடுத்து, தான் கண்ணை மூடுவதற்குள் அங்கே சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் காளிச்சாமிக்கு இருக்கிற ஒரே கவலை.

மகன் தனபால் காரிலிருந்து இறங்கி வந்தான். "ஏனுங்கய்யா, ஏதோ ஒரு பிடி அள்ளிக்கலாங்க. ஆருக்குத் தெரியப்போவுது?"

"எங்கய்யனுக்குத் தெரியும்."

தம்பிதுரை பெருமூச்சு விட்டுக்கொண்டு மறுபடி தோண்டினார். இன்னும் ஒரு முழம் ஆழம் போனபிறகு, அடியிலிருந்த பழைய செம்மண் தட்டியது. காளிச்சாமி தானே இறங்குவேன் என்று அடம்பிடித்து, மகன் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒரு கை அள்ளினார். பிடிமண்ணைச் சும்மா அள்ளிவிட முடியாது. அந்த மண்ணில் இருக்கிறவர்களைப் பேர் சொல்லி அழைத்துப்போக வேண்டும். பெற்றவளைப் பேர் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"அம்மா, வாங்க. ஊட்டுக்குப் போலாம்."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்தக் குழியில் எத்தனை அம்மாக்களோ. எந்தப் பிள்ளை வந்து எவளைக் கூப்பிட்டது? அம்மா என்றால் அத்தனை பேரும் எழுந்து வருவார்கள், பாவம். அவருடைய அம்மா மட்டும்தான் வரமாட்டாள். அவளுக்குத் தெரிந்தது அரைஞாண் கயிற்றோடு ஓடித் திரிந்த மூன்று வயதுப் பையன். நரைத்த மீசையும் மூச்சிரைப்புமாக நிற்கும் இந்தக் கிழவனை அவள் எதை வைத்து நம்புவாள்?

"நாந்தாம்மா. காளிச்சாமி."

குரல் கிழவன் குரலாகத்தான் வந்தது. மண்ணைத் துணியில் முடிந்துவிடலாம் என்று தனபால் மேலிருந்து கை நீட்டினான். அவர் தரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் மெல்லிசாக, இன்னொரு தரம் தன் பேரைச் சொல்லிப் பார்த்தார். கையிலிருந்த மண் விரலிடுக்கில் உதிர்ந்துகொண்டிருந்தது.