மார்த்துணி

"இன்னும் ரெண்டு கொடம் கொண்டாங்கடா" என்று பங்காளி தங்கவேல் வாசலில் குரல் கொடுத்தபோது, அம்சா செத்துப்போன கணவன் துளசிங்கத்தின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள்.

வாசலில் பெஞ்சு போட்டாகிவிட்டது. துளசிங்கத்தைத் தூக்கிவந்து கிடத்தி, சட்டையைக் கழற்றி, எண்ணெய் வைத்து, தெருவே பார்க்கத் தண்ணீர் ஊற்றுவார்கள். பங்காளிகளின் வேலை அது. நாற்பத்தெட்டு வயதுவரை அந்த மனுஷன் அம்சாவைத் தவிர ஊரில் எவர் எதிரிலும் சட்டையைக் கழற்றியதில்லை.

பெண்களுக்குப்போல் அவருக்கு மார்பு இருந்தது. மலையடியில் குடியிருந்தும் ஆடிக் கிருத்திகைக்கு ஒரு காவடி எடுத்ததில்லை. வெற்றுடம்போடு படியேற வேண்டுமே. சாமி நம்பிக்கை இல்லாதவர் என்று ஊர் பட்டம் கட்டியது. அவரும் அதைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். தன் தறியில் நெய்த முரட்டுத் துணியைச் சட்டைக்குள் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் தெருவில் இறங்குவார்.

எழுபத்து மூன்றில் மெட்ராஸில் ஒரு பெரிய டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டுச் சொன்னார். உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் குரோமோசோம் என்று நூல் மாதிரி இருக்குமாம். இவருக்குப் பிறவியிலேயே அதில் ஒன்று கூடுதலாம். மார்பு அதனால்தான், குழந்தை இல்லாததும் அதனால்தான். யார் தப்பும் இல்லை, மருந்தும் இல்லை. திரும்பும் ரயில் அரக்கோணம் வந்தபோது அவர் அம்சா பக்கம் திரும்பினார். "பாவு நூல்ல ஒரு இழை கூட வுழுந்தா பிச்சிப் போட்டுடலாம்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஊட்ல கேட்டா கொற எனக்குத்தான்னு சொல்லிடறேன்" என்றாள் அம்சா.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது. இன்றுவரை இருக்கிறது.

"எழுந்திரும்மே, நேரமாவுது" என்றாள் துளசிங்கத்தின் அக்கா கௌரியம்மாள்.

"நான் உள்ளயே குளிப்பாட்டிடறேன் அண்ணி."

"இன்னா பேசற நீ? ஆம்பளைங்க அத்தினி பேர் நின்னுகினு இருக்கறப்ப பொம்பள குளிப்பாட்டறதா? ஊரு காறித் துப்பும். மொதல்ல கைய எடு."

தங்கவேலும் இரண்டு ஆட்களும் தலைமாட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒருவன் கை சட்டைக் காலருக்குப் போனது. அம்சா எழுந்து குறுக்கே நின்றாள். இத்தனை வருஷம் மற்றவர்கள் அவள்மேல் எறிந்த சொல்லை இன்று அவளே எடுத்தாள்.

"நான் மலடி. தெருவுக்கே தெரியும். ஒரு புள்ளய பெத்துக் குடுத்திருந்தா அவன் ஊத்தியிருப்பான் தண்ணி. குடுக்காத பாவி நானு. அந்தத் தண்ணிய நானே ஊத்தறேன், இத்தையாவது வுடுங்க மாமா. இல்லாங்காட்டி எம் மனசு ஆறாது."

தங்கவேல் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தார். ஆட்களும் பின்னாலேயே போனார்கள். கௌரியம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"நாலு பேர் முன்னால உன் வாயாலயே சொல்லிட்ட. எந்தம்பி தங்கம்டி. உன்னத் தள்ளி வெக்காம வெச்சிகினு இருந்தானே."

"ஆங் அண்ணி. தங்கந்தான்."

குடங்களை உள்ளே வாங்கிக்கொண்டு கதவைத் தாழிட்டாள். எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, நிதானமாகக் குளிப்பாட்டித் துடைத்தாள். பிறகு கொடியில் கிடந்த மார்த்துணியை எடுத்தாள். தினமும் காலையில் அவர் முதுகைக் காட்டிக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்; அவள் சுற்றி முடிச்சுப் போடுவாள். இன்று ஒவ்வொரு கையாக அவளே தூக்க வேண்டியிருந்தது. நேற்றுவரை இந்த விஷயம் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டு பேர். இனி அவள் ஒருத்திதான். அழுகையைவிட அதுதான் அவளுக்குத் தாளவில்லை.

முடிச்சைப் போட்டாள்.

"இறுக்கமா கீதா?" என்று கேட்டும்விட்டாள். தினமும் கேட்கிற கேள்விதான். தேவலை என்பார்.

வெளியே பறை தொடங்கியது. யாரோ கதவைத் தட்டினார்கள். அம்சா முடிச்சுக்கு அடியில் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு அதை அவிழ்த்து, கொஞ்சம் தளர்த்திக் கட்டினாள்.